எதன் தடிமனை எந்த அலகால் அளப்பது?

பஞ்சாயத்து ஒன்று தன் தெருக்களில் வைப்பதற்காக இரும்புத் தகட்டினாலான குப்பைத் தொட்டிகள் வாங்கத் தீர்மானித்தது. "தகடு 20 கேஜ் இருத்தல் வேண்டும்" என்று தீர்மானத்தில் எழுதப்பட்டது. தொட்டிகள் வந்து இறங்கின. விலைப் பட்டியலில் "24 கேஜ்" என்று கண்டிருந்தது. அங்கத்தினர் ஒருவர் அதைப் படித்துப் பார்த்துவிட்டு, "நாம் கேட்டது இருபது; அவர்கள் கொடுத்தது இருபத்துநான்கு. நாலு கூடவே கொடுத்திருக்கிறார்கள், ஐயா" என்று மகிழ்ச்சியோடு நம்மிடம் கூறினார். அவர் நேர்மையானவர், கணக்கில் வல்லவர், நிலத்தின் நான்கு பக்கங்களையும் சொன்னால் பரப்பை வாயாலேயே சொல்லிவிடக் கூடியவர். அவரைக் குறைகூற நமக்கு மனம் வரவில்லை. ஏனெனில், கேஜ் என்னும் அலகில் எண் ஏற ஏறத் தகடு மெலியும் என்பதை அவருக்கு எவரும் சொல்லியதில்லை. 20 கேஜ் தகட்டின் தடிமன் 0.91 மில்லிமீட்டர், 24 கேஜ் தகட்டின் தடிமன் 0.56 மில்லிமீட்டர். நூறு கிலோ இரும்புக்கு விலை கொடுத்த பஞ்சாயத்து, அறுபத்தொரு கிலோ இரும்பைப் பெற்றிருந்தது. இரண்டாம் மழைக்காலம் முடிவதற்குள் தொட்டிகளின் அடிப்பாகம் துருப்பிடித்து ஓட்டையாயிற்று.

இதில் வஞ்சகம் எவ்வளவு, அறியாமை எவ்வளவு என்று ஆராய்வது இப்போது நம் நோக்கமன்று. அலகு தவறினால் நல்லவர் கண்ணும் ஏமாறும் என்பதற்கே இதைச் சொன்னோம். நீளத்தையும் அகலத்தையும் எவரும் நடந்தே மதிப்பிட்டுவிடலாம். சாலை நூறு மீட்டர் போடப்பட்டதா, தொண்ணூறு மீட்டர்தானா என்பதை ஆடு மேய்க்கும் சிறுவனும் கண்டு சொல்வான். தடிமன் அப்படியன்று. அது மண்ணுக்குள் மறைகிறது. சிமெண்டுப் பூச்சின் அடியில் மறைகிறது. சுருளின் உள்ளே மறைகிறது. ஆகவேதான் பணம் நழுவுவது பெரும்பாலும் தடிமன் வழியாகவே நிகழ்கிறது.

நமது மொழியிலும் ஒரு சிறு சங்கடம் உண்டு. "கனம்" என்றால் எடையையும் குறிக்கும், தடிமனையும் குறிக்கும். "கன மீட்டர்" என்னும்போது கொள்ளளவையும் குறிக்கும். "கனமான தார்ப்பாய் வேண்டும்" என்று ஒருவர் கடையில் கேட்டால், எடை மிகுந்ததைக் கேட்கிறாரா, தடித்ததைக் கேட்கிறாரா என்பது கேட்டவருக்கே தெளிவாக இராது. ஆதலால் இக்கட்டுரையில் தடிமன் என்னும் சொல்லையே கையாள்வோம். பஞ்சாயத்துத் தீர்மானங்களிலும் அவ்வாறே எழுதுவது நலம்.

நம் முன்னோர் தடிமனைக் கையால் அளந்தனர். சுவருக்குச் சாண், வரப்புக்கு முழம், பலகைக்கு விரற்கடை, மிக மெல்லியதற்கு மயிரிழை என்று பொருளுக்கேற்ப அளவையைத் தேர்ந்துகொண்டனர். இத்தேர்வு மிகவும் சரியானது. குறை என்னவெனில், விரற்கடை என்பது விரலுக்கு விரல் மாறும். பிற்காலத்தில் அங்குலம் வந்தது. அங்குலத்தை எட்டாகப் பகுத்து, ஒரு பங்கை "நூல்" என்று நம் தச்சரும் கொல்லரும் கொத்தனாரும் வழங்கினர். இன்றும் வழங்குகின்றனர். 1956-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட எடை, அளவைத் தரச் சட்டத்தின் மூலம் நாடெங்கும் மெட்ரிக் முறை ஏற்கப்பட்டது. 1958 அக்டோபர் முதல் அது படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. சேலத்தினின்று தர்மபுரி தனி மாவட்டமாகப் பிரிந்தது 1965 அக்டோபர் 2-இல். அப்படிப் பார்த்தால் நமது மாவட்டத்தைவிட நமது மீட்டருக்கு வயது அதிகம். ஆயினும் கம்பிக் கடையில் நூலும், தகட்டுக் கடையில் கேஜும், குழாய்க் கடையில் அங்குலமும் அகலவில்லை. இன்று நடைமுறையில் உள்ள 2009-ஆம் ஆண்டின் சட்டமுறை அளவியல் சட்டமும் மெட்ரிக் அலகுகளையே ஏற்கிறது.

இனி, எந்தப் பொருளுக்கு எந்த அலகு என்னும் கேள்விக்கு வருவோம். மீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு மில்லிமீட்டர். மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு மைக்ரான். இடையிலே, பத்து மில்லிமீட்டர் கொண்டது சென்டிமீட்டர். இந்த மூன்றும் போதும். சொல்லும் எண் புள்ளியின்றி முழு எண்ணாகவோ, புள்ளிக்குப் பின் ஒரே இலக்கத்தோடோ அமையுமாறு அலகைத் தேர்ந்துகொள்ள வேண்டும். 23 செ.மீ. செங்கற்சுவரை 0.00023 கிலோமீட்டர் என்று சொன்னாலும் தவறில்லை. ஆனால் சுழியங்களை எண்ணுவதற்குள் ஒன்று விடுபட்டுப் போகும். ஒரு சுழியம் விடுபட்டால் அளவு பத்து மடங்கு மாறும். மதிப்பீட்டுத் தாள்களில் நாம் கண்ட பிழைகளில் பல இவ்வாறு இடம் மாறிய புள்ளியினால் நேர்ந்தவையே.

மற்றொன்றும் கவனிக்கத்தக்கது. கையிலுள்ள கருவி எந்த நுட்பம்வரை காட்டுமோ, அந்த நுட்பத்துக்கு மேல் எழுதுவதில் பொருளில்லை. சாதாரண அளவுநாடா ஒரு மில்லிமீட்டர்வரை காட்டும். அதைக் கொண்டு ஒரு பிளாஸ்டிக் தாளை அளந்து "0.3 மி.மீ." என்று எழுதினால், அது அளந்து எழுதியது அன்று, நினைத்து எழுதியது.

இவற்றை மனத்திற் கொண்டு, பஞ்சாயத்தின் பணம் மிகுதியாகச் செலவாகும் சிமெண்டுச் சாலையை முதலில் எடுத்துக்கொள்வோம்.

தெருவொன்றில் 100 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 15 செ.மீ. தடிமனில் கான்கிரீட் தளம் போட மதிப்பீடு தயாராகியுள்ளது என்று கொள்வோம். கான்கிரீட்டின் கொள்ளளவு 45 கன மீட்டர். தடிமன் பன்னிரண்டரை சென்டிமீட்டராகக் குறைந்தால் கொள்ளளவு 37.5 கன மீட்டர். பார்ப்பதற்கு இரண்டரை சென்டிமீட்டர், ஒரு விரற்கடைக்குச் சற்று அதிகம், அவ்வளவே. ஆனால் ஏழரைக் கன மீட்டர் கான்கிரீட் குறைந்துவிட்டது. கன மீட்டருக்கு ஏறத்தாழ எட்டு மூட்டை சிமெண்டு என்று கொண்டால், அறுபது மூட்டை சிமெண்டு அந்தத் தெருவுக்கு வந்து சேரவில்லை. இதைவிடப் பெரிய நஷ்டம் வலிமையில் ஏற்படுகிறது. கான்கிரீட் பலகை பாரத்தால் வளைவதைத் தாங்கும் ஆற்றல், தடிமனின் வர்க்கத்தைப் பொறுத்தது. தடிமன் ஆறில் ஒரு பங்கு குறைந்தால், அந்த ஆற்றல் பத்தில் மூன்று பங்கு குறைகிறது. கரும்பும் மரவள்ளிக்கிழங்கும் ஏற்றிய டிராக்டர் முதன்முறை திரும்பும்போதே மூலையில் விரிசல் காண்பது இதனால்தான்.

இச்சாலையின் தடிமனைச் சென்டிமீட்டரில் பேசுவதே எல்லோருக்கும் எளிது. பொறியாளர்கள் மில்லிமீட்டரில் 150 என்று எழுதுவார்கள். அளவுப் புத்தகத்தில், அஃதாவது எம்-புக்கில், மீட்டரில் 0.15 என்று பதிவாகும். மூன்றும் ஒன்றே என்பதை அங்கத்தினர்கள் அறிந்திருக்க வேண்டும். கட்டட வேலைகளை அளப்பதற்கான இந்தியத் தரம் 1200, பொதுவாக அளவுகளை 0.01 மீட்டர்வரை எழுதச் சொல்கிறது. ஆனால் கான்கிரீட் பலகையின் தடிமனை மட்டும் 0.005 மீட்டர்வரை எழுத வேண்டும் என்கிறது. இந்த விதிவிலக்கு வீணாக ஏற்பட்டதன்று. பன்னிரண்டரை சென்டிமீட்டரை 0.125 என்று எழுதாமல் 0.13 என்று உயர்த்தி எழுதினால், மேற்சொன்ன தெருவில் ஒன்றரைக் கன மீட்டர் கான்கிரீட் காகிதத்திலேயே பிறந்துவிடும்.

எங்கே அளப்பது என்பது எதனால் அளப்பது என்பதற்குச் சமமான முக்கியமுடையது. தளத்தின் ஓரத்தில் நின்று அளந்தால் பலகைச் சட்டத்தின் உயரம்தான் தெரியும். அது எப்போதும் சரியாகவே இருக்கும். நடுவிலே அடிமண் மேடாக இருந்தால் அங்குத் தடிமன் குறையும். கான்கிரீட் கொட்டுவதற்கு முன், இருபுறச் சட்டங்களின் மேல்விளிம்புக்குக் குறுக்கே ஒரு கயிற்றை இழுத்துப் பிடித்து, கயிற்றிலிருந்து தரைவரை மூன்று இடங்களில் அளந்து பார்க்க வேண்டும். இதற்கு ஒரு கயிறும் ஓர் அளவுகோலும் போதும். அரைமணி நேரமும் ஆகாது. கொட்டி இறுகிய பின் அளக்க வேண்டுமானால் துளையிட்டு உருளைத் துண்டு எடுக்கத்தான் வேண்டும். அது ஊராரால் ஆகக்கூடியதன்று.

கருங்கல் ஜல்லி பரப்பும் சாலையில் வேறொரு மயக்கம் உண்டு. மதிப்பீட்டில் 75 மி.மீ. என்றால், உருளை ஓட்டி இறுகிய பின் 75 மி.மீ. என்பது பொருள். அதற்கு ஜல்லியை ஏறத்தாழ 9 முதல் 10 செ.மீ.வரை தளர்வாகப் பரப்ப வேண்டும். தளர்வாக இருக்கும்போது ஏழரை சென்டிமீட்டர் காட்டி அளவு வாங்கிக்கொண்டால், இறுகிய பின் நிற்பது ஆறு சென்டிமீட்டர் அளவே. அலகு சரியாக இருந்தும், எந்த நிலையில் அளந்த தடிமன் என்பதைச் சொல்லாவிட்டால் பயனில்லை.

விவசாயிகளுக்கு நெருக்கமான ஒன்றை இங்கே இடையில் சொல்லிவிடுவோம். ஏரி வண்டலை நிலத்தில் இடுவது நமது பக்கத்துச் செம்மண் பூமிக்கு மிகவும் நல்லது. எத்தனை வண்டி என்று கணக்கிடுவதே வழக்கம். ஆனால் நிலத்துக்கு வேண்டியது வண்டியன்று; ஒரு தடிமனுள்ள வண்டற்படலம். ஓர் ஏக்கர் என்பது ஏறத்தாழ 4,047 சதுர மீட்டர். அதன்மேல் ஒரு சென்டிமீட்டர் தடிமனுக்கு வண்டல் பரப்ப வேண்டுமானால் 40 கன மீட்டர் வேண்டும். மணல், மண் வியாபாரத்தில் வழங்கும் யூனிட் என்பது 100 கன அடி, அஃதாவது 2.83 கன மீட்டர். ஆகவே சென்டிமீட்டருக்குப் பதினான்கு யூனிட் என்று நினைவில் கொள்ளலாம். 2017-இல் ஏரி, குளங்களின் வண்டலை விவசாயிகள் கட்டணமின்றி எடுத்துக்கொள்ள அரசு அனுமதித்தபோது, ஏக்கர் நஞ்சைக்கு 75 கன மீட்டர், புஞ்சைக்கு 90 கன மீட்டர் என்று வரம்பு வைக்கப்பட்டது. புஞ்சைக்குக் குறித்த அளவைப் பரப்பிப் பார்த்தால் இரண்டு சென்டிமீட்டரைச் சற்றே தாண்டும். "தொண்ணூறு கன மீட்டர் கொட்டியும் நிலத்தில் ஒன்றும் தெரியவில்லையே" என்று ஒரு பெரியவர் நம்மிடம் வருத்தப்பட்டார். தெரியாதுதான், பெரியவரே, உழவில் கலந்துவிட்ட இரண்டு சென்டிமீட்டரைக் கண் காணாது, பயிர் காணும் என்று அவருக்குச் சொன்னோம்.

அடுத்து இரும்புக் கம்பி. "மூணு நூல் கம்பி", "நாலு நூல் கம்பி" என்றே நம் கொத்தனார்கள் சொல்கிறார்கள். ஒரு நூல் என்பது 3.175 மி.மீ. மூன்று நூல் 9.5 மி.மீ.; கடையில் கிடைப்பது 10 மி.மீ. கம்பி. ஐந்து நூல் 15.9 மி.மீ.; கிடைப்பது 16 மி.மீ. இவ்விரண்டிலும் வாங்குவோர்க்கு நஷ்டமில்லை. ஆனால் நான்கு நூல் என்பது 12.7 மி.மீ.; கிடைப்பதோ 12 மி.மீ. முக்கால் மில்லிமீட்டருக்கும் குறைவான இவ்வேறுபாட்டில் கம்பியின் குறுக்குப் பரப்பு நூற்றுக்குப் பதினொன்று குறைந்துவிடுகிறது. இதை ஏமாற்று என்று சொல்லக்கூடாது. 12 மி.மீ. என்று கணக்கிட்டு வரைந்த கட்டடத்துக்கு 12 மி.மீ. கம்பியே சரி. பழைய வரைபடத்தில் அரை அங்குலம் என்றிருப்பதை அப்படியே நான்கு நூலாக்கி, நான்கு நூலை 12 மி.மீ. ஆக்கும்போதுதான் நடுவில் ஒரு பங்கு காணாமற் போகிறது. அத்தகைய இடத்தில் கம்பியின் எண்ணிக்கையைக் கூட்டுமாறு பொறியாளரைக் கேட்க வேண்டும்.

முறுக்குக் கம்பியின் மேல் வரிவரியாகப் புடைப்புகள் இருப்பதால், இடுக்கி அளவுகோல் வைத்து அதன் விட்டத்தைச் சரியாகக் காண இயலாது. எடைபோடுவதே சிறந்த வழி. விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதையே அதால் பெருக்கி, 162-ஆல் வகுத்தால், ஒரு மீட்டர் கம்பியின் எடை கிலோவில் கிடைக்கும். 8 மி.மீ. கம்பி மீட்டருக்கு 395 கிராம், 10 மி.மீ. 617 கிராம், 12 மி.மீ. 889 கிராம். கடையில் விற்கும் 12 மீட்டர் நீளக் கம்பி, 12 மி.மீ. விட்டமுடையதானால், பத்தரைக் கிலோவுக்குச் சற்று மேல் நிற்க வேண்டும். நூற்றுக்குச் சில பங்கு ஏற்றத்தாழ்வு தரவிதிகளில் அனுமதிக்கப்படுகிறது. ஒன்பதரைக் கிலோ நின்றால் கேள்வி கேட்க வேண்டியதே.

தகட்டுக்கும் வேலிக் கம்பிக்கும் வழங்கும் கேஜ் என்பதைக் கட்டுரையின் தொடக்கத்திலேயே பார்த்தோம். கம்பியைத் துளை வழியே இழுத்து இழுத்து மெலிதாக்கும் தொழிலிலிருந்து பிறந்த எண் அது. அதிக முறை இழுத்தது அதிக எண், ஆகவே மெல்லியது. பிரிட்டனில் 1884-இல் இது சட்டபூர்வ அளவாயிற்று. அங்கிருந்து நமக்கு வந்தது. அமெரிக்கத் தகட்டுக் கேஜ் அட்டவணை வேறு. 10 கேஜ் வேலிக் கம்பி 3.25 மி.மீ., 12 கேஜ் 2.64 மி.மீ., 14 கேஜ் 2.03 மி.மீ. என்னும் மூன்றையும் தெரிந்துகொண்டால், நிலத்துக்கு வேலி போடும் குடியானவருக்குப் போதும். எண்கள் சீராக ஏறினாலும் எல்லா இடத்திலும் தடிமன் சீராக இறங்குவதில்லை. ஆதலால் கேஜைக் கொண்டு கூட்டவோ கழிக்கவோ இயலாது. கூட்டவும் கழிக்கவும் இயலாத ஓர் எண்ணை அலகு என்று அழைப்பதே பிழை என்பது நமது அபிப்பிராயம். அதைப் பெயர் என்று கொள்வது பொருந்தும்.

வேடிக்கை என்னவெனில், பாலித்தீன் தாள் விற்போரும் கேஜ் என்கிறார்கள். அங்கே 100 கேஜ் என்பது 25 மைக்ரான். 200 கேஜ் 50 மைக்ரான். அஃதாவது எண் ஏறினால் தடிமன் ஏறும்! ஒரே கடைத்தெருவில் ஒரே சொல், ஒரு கடையில் ஏறுமுகமாகவும் மறு கடையில் இறங்குமுகமாகவும் இருக்கிறது. இரண்டு இடத்திலும் "எத்தனை மில்லிமீட்டர்? எத்தனை மைக்ரான்?" என்று கேட்பதே வாங்குவோருக்குப் பாதுகாப்பு.

மைக்ரான் என்றதும் அது ஆய்வுக்கூடத்துக்குரியது, நமக்கெதற்கு என்று சிலர் ஒதுக்கிவிடுகின்றனர். தலைமயிரின் தடிமன் 50 முதல் 100 மைக்ரான். எழுதும் தாளின் தடிமன் ஏறத்தாழ 100 மைக்ரான். 1967-இல் அளவைகளுக்கான உலகப் பொதுமாநாடு மைக்ரான் என்னும் பெயரையே நீக்கி, மைக்ரோமீட்டர் என்று வழங்கச் சொல்லிவிட்டது. ஆயினும் நமது அரசு விதிகளும் கடைக்காரர்களும் மைக்ரான் என்றே சொல்வதால் நாமும் அப்படியே சொல்வோம். பாலக்கோடு, காரிமங்கலம் பக்கங்களில் தக்காளிப் பாத்திகளின் மேல் விரிக்கும் நிலப்போர்வைத் தாள் 25 அல்லது 30 மைக்ரான். மழைநீர் சேமிக்கும் பண்ணைக்குட்டைக்கு விரிக்கும் தாள் அதைப்போல் பத்து இருபது மடங்கு தடித்தது. 2014-இல் வெளியான தோட்டக்கலை இயக்க வழிகாட்டு நெறிகளில், பலர் சேர்ந்து வெட்டும் சமுதாயக் குட்டைக்கு 500 மைக்ரானும், தனி விவசாயியின் சிறு குட்டைக்கு 300 மைக்ரானும் கூறப்பட்டன. இவற்றை மில்லிமீட்டரில் சொன்னால் 0.025, 0.5 என்று புள்ளியும் சுழியமுமாய் நிற்கும். மைக்ரானில் சொன்னால் முழு எண். இங்கே மைக்ரானே ஏற்ற அலகு.

இத்தகைய மெல்லிய தாளை, கருவியில்லாமல் விவசாயி எப்படி அளப்பது? இரண்டு வழிகள் உண்டு.

முதலாவது அடுக்கும் வழி. ஒன்றை அளக்க முடியாவிட்டால் பலவற்றைச் சேர்த்து அளந்து வகுத்துக்கொள்ளலாம். 500 தாள் கொண்ட காகிதக் கட்டின் உயரம் 5 செ.மீ. என்றால், ஒரு தாள் 0.1 மி.மீ. என்று பள்ளிப் பிள்ளையும் சொல்லும். குட்டை விரிப்பின் ஓரத்தில் வெட்டி எறியும் துண்டை இருபது சிறு சதுரங்களாக நறுக்கி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, இரண்டு மரத்துண்டுகளுக்கிடையில் அழுத்திப் பிடித்து அளந்தால், 500 மைக்ரான் தாளானால் சரியாக 1 செ.மீ. வரும், 300 மைக்ரான் தாளானால் 6 மி.மீ.தான் வரும். அழுத்தாமல் அளந்தால் இடையே காற்று புகுந்து, தடிமன் கூடுதலாகக் காட்டும். விற்பவர் அடுக்கிக் காட்டினால் நன்றாக அழுத்தச் சொல்லுங்கள்.

இரண்டாவது எடைபோடும் வழி. இது மேலும் நம்பகமானது. ஒரு மீட்டர் நீளமும் ஒரு மீட்டர் அகலமும் ஒரு மைக்ரான் தடிமனும் கொண்ட தாளின் கொள்ளளவு மிகச் சரியாக ஒரு கன சென்டிமீட்டர். பாலித்தீன் நீரைவிடச் சற்றே இலேசானது. கன சென்டிமீட்டருக்கு 0.92 முதல் 0.95 கிராம்வரை இருக்கும். ஆகவே ஒரு சதுர மீட்டர் விரிப்பு எத்தனை கிராம் நிற்கிறதோ, அதைவிடச் சற்றுக் கூடுதலான எண்ணே மைக்ரான். குட்டைக்குரிய 500 மைக்ரான் தாள் சதுர மீட்டருக்கு 460 முதல் 475 கிராம்வரை இருத்தல் வேண்டும். நமக்குத் தெரிந்த ஒரு விவசாயி, மளிகைக் கடைத் தராசில் இவ்வாறு நிறுத்துப் பார்த்தார். 380 கிராம் நின்றது. அஃதாவது நானூறு மைக்ரானுக்குச் சற்றே மேல். அவர் தாளை விரிக்காமல் திருப்பி அனுப்பினார். விரித்து நீர் நிறைத்த பின் நிறுத்துப் பார்க்க வழியில்லை என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

நிலப்போர்வைச் சுருளையும் வெட்டாமலே சோதிக்கலாம். 1.2 மீட்டர் அகலமும் 400 மீட்டர் நீளமும் உள்ள சுருள், 30 மைக்ரானானால் ஏறத்தாழ பதின்மூன்று கிலோ, 25 மைக்ரானானால் ஏறத்தாழ பதினொரு கிலோ இருக்க வேண்டும். நடுவிலுள்ள அட்டைக் குழலின் எடையைக் கழித்துக்கொள்க. நிறப்பொருள் கலந்த தாளானால் எடை சற்றுக் கூடலாம். ஆனால் நெய்த தார்ப்பாய்க்கு இந்தக் கணக்குப் பொருந்தாது. அதில் இழைகளுக்கிடையே வெற்றிடம் உண்டு. ஆகவேதான் அதைத் தடிமனால் சொல்லாமல், சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்றே விற்கிறார்கள். நெல்லும் ராகியும் உலர்த்த வாங்கும் 250 என்று குறித்த தார்ப்பாய், 250 மைக்ரான் அன்று. சதுர மீட்டருக்கு 250 கிராம்.

கடைப் பைகளைப் பற்றியும் ஒரு சொல். பிளாஸ்டிக் பைக்கு மத்திய அரசு 1999-இல் விதித்த குறைந்த தடிமன் 20 மைக்ரான்; அது 2011-இல் 40 ஆகவும், 2016-இல் 50 ஆகவும் உயர்ந்தது; 2021 செப்டம்பர் 30 முதல் 75; 2022 டிசம்பர் 31 முதல் 120. மெல்லிய பை காற்றில் பறக்கும், வயலில் புதையும், மாட்டின் வயிற்றிலும் சேரும். பொறுக்கி விற்றாலும் எடை நில்லாததால் அதை எவரும் பொறுக்குவதில்லை. தடித்த பையைப் பொறுக்குவார்கள் என்பதே இவ்விதியின் நோக்கம். தமிழ்நாட்டிலோ 2019 ஜனவரி 1 முதல், ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பைகள் தடிமன் எதுவாயினும் தடை செய்யப்பட்டன. ஆகவே "எங்கள் பை 120 மைக்ரான்" என்று கடைக்காரர் சொல்வதை மட்டும் கேட்டுப் பஞ்சாயத்து அங்கத்தினர் திரும்பிவிடலாகாது. சந்தைக் கடைகளில் மைக்ரான் அளக்கும் வேலையே இத்தடையினால் மிச்சம். சட்டம் செய்வோர் சில வேளைகளில் அலகையே தேவையற்றதாக்கிவிடுகின்றனர். இது நமக்கு மிகவும் உவப்பானதே.

தடிமனை நீள அலகால் அளக்கவே கூடாத பொருளும் நம் மாவட்டத்தில் உண்டு. தர்மபுரியில் அரசு பட்டுக்கூடு அங்காடிக்குக் கூடு கொண்டுசெல்லும் மல்பெரி விவசாயிகள், நூற்பவர்கள் டெனியர் என்று பேசிக்கொள்வதைக் கேட்டிருப்பார்கள். பட்டிழை உருண்டையாக இராது, அழுத்தினால் தட்டையாகும், ஓர் இடத்தில் இருந்த தடிமன் மற்றோரிடத்தில் இராது. ஆகவே 9,000 மீட்டர் நீள இழை எத்தனை கிராம் இருக்கிறதோ, அதையே அதன் தடிமனுக்கு அளவாகக் கொண்டனர். அதுவே டெனியர். ஒரு கூட்டின் தனி இழை ஏறத்தாழ இரண்டரை முதல் மூன்று டெனியர். ஏழு முதல் பத்துக் கூடுகளின் இழைகளைச் சேர்த்து இழுத்தால், 20-22 டெனியர் என்று வழங்கும் கச்சாப்பட்டு நூல் கிடைக்கும். பாலித்தீனை எடையால் அளந்த அதே முறைதான் இங்கும்.

தொடக்கத்தில் கூறிய பஞ்சாயத்து, அதன் பின்னர் மீண்டும் குப்பைத் தொட்டிகள் வாங்க நேர்ந்தது. இம்முறை கணக்கில் வல்லவரான அந்த அங்கத்தினரே தீர்மானத்தை எழுதினார். "தகட்டின் தடிமன், வர்ணப்பூச்சு நீங்கலாக, 0.9 மி.மீ.க்குக் குறையலாகாது, தகடு சதுர மீட்டருக்கு 7 கிலோவுக்குக் குறையலாகாது, ஒப்படைக்கும்போது ஒரு தொட்டி பஞ்சாயத்து முன்னிலையில் நிறுக்கப்படும்" என்பது அதன் வாசகம். கேஜ் என்னும் சொல் அதில் எங்கும் இல்லை.